தேங்காய் எண்ணெயில் உள்ள அமிலம் ரத்த மருந்துகளில் வைரஸை முடக்குவது எப்படி? அதே அமிலம் ரத்தப் பைக்கு ஏன் உதவாது?

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் போய் வருகிறவர்களுக்குத் தெரிந்த இடம்தான். ஒரு மழைக்கால இரவில் அங்கே நான்கு பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள், திண்டிவனம் பக்கம் கடலைக்கொல்லையில் கண்ணாடிவிரியன் கடித்து வந்தவர். அவருக்குப் பாம்புக்கடி மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்தது தெருநாய் கடித்த ஒரு பையன். காயம் ஆழம் என்பதால் தடுப்பூசியோடு ராபீஸ் இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது, கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர். அவருக்கு ஆல்புமின் பாட்டில். நான்காவது, நெடுஞ்சாலை விபத்தில் சிக்கியவர். அவருக்குச் சிவப்பணு ரத்தப் பை.

நான்கு பேருக்கும் உடம்பில் ஏறுவது இன்னொரு உயிரின் ரத்தத்திலிருந்து வந்தது. பாம்புக்கடி மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. ராபீஸ் இம்யூனோகுளோபுலின் குதிரையிடமிருந்தும் எடுக்கப்படுகிறது, மனிதரிடமிருந்தும் எடுக்கப்படுகிறது. ஆல்புமினும் ரத்தப் பையும் யாரோ முகம் தெரியாத மனிதர்கள் கொடுத்தது.

அந்த ரத்தத்தில் வைரஸ் இருந்தால்?

முதல் மூன்று பேருக்கு இந்தக் கேள்விக்கு ஓரளவு நிம்மதியான பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்க்குச் சொந்தக்காரரான ஓர் அமிலமும் வருகிறது. நான்காவது ஆளுக்கு அந்தப் பதில் பொருந்தாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரே ஒருவர் போதும்

தானமாகக் கொடுக்கும் ரத்தத்தைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுவதில்லை. 350 அல்லது 450 மில்லி ரத்தத்தைச் சுழலவிட்டுச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிக்கிறார்கள். வைக்கோல் நிறத்தில் இருக்கும் திரவப் பகுதிதான் பிளாஸ்மா. உறைய வைத்த பிளாஸ்மாவை மருந்து ஆலைக்கு அனுப்பினால், அதிலிருந்து ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், ஹீமோபிலியா நோயாளிகளுக்கான ஃபேக்டர் 8 போன்றவற்றைத் தனித்தனியாக எடுக்க முடியும்.

ஆலையில் ஒருவருடைய பிளாஸ்மாவைத் தனியாக வைத்து வேலை செய்வதில்லை. ஆயிரக்கணக்கானோர் கொடுத்ததை ஒரே தொட்டியில் கலக்கிறார்கள். சோதனையில் தப்பிய ஒரே ஒரு பை உள்ளே போனாலும் மொத்தத் தொட்டியும் கெட்டது. குடம் பாலில் ஒரு துளி விஷம் என்கிற கதைதான்.

1970, 80களில் இது நிஜமாகவே நடந்தது. பிரிட்டனில் தொற்றுள்ள ரத்தத்தாலும் ரத்த மருந்துகளாலும் 30,000-க்கும் மேற்பட்டோருக்கு எச்ஐவி, ஹெபடைட்டிஸ் தொற்று ஏற்பட்டது, சுமார் 3,000 பேர் இறந்தார்கள் என்று 2024 மே மாதம் வெளியான அரசு விசாரணை அறிக்கை சொன்னது. அவர்களில் பலர் ஹீமோபிலியா உள்ள சிறுவர்கள். ரத்தம் நிற்பதற்காகப் போட்ட ஊசியே அவர்களுக்கு எமனாக வந்தது.

அதற்குப் பிறகு உலகம் கற்றுக்கொண்ட பாடம், சோதனையை மட்டும் நம்பக் கூடாது, தொட்டியில் வைரஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்பது. ஆனால் மருந்தாக வேண்டிய புரதம் கெடக் கூடாது. கஷ்டமான பகுதி இதுதான். கொதிக்க வைத்தால் வைரஸ் சாகும், புரதமும் முட்டை வெந்த மாதிரி ஆகிவிடும்.

கொழுப்புச் சட்டை போட்ட வைரஸ்கள்

கொரோனா காலத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே ரசாயனம்தான் இங்கேயும்.

எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, கொரோனா, ராபீஸ் ஆகிய வைரஸ்கள் வெளியே ஒரு கொழுப்பு உறையோடு இருக்கின்றன. நம் செல்லில் பெருகி வெளியே வரும்போது செல்லின் சவ்விலிருந்தே கொஞ்சம் கிழித்துச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வருகின்றன. அடுத்த செல்லுக்குள் நுழைவதற்கான சாவிப் புரதங்கள் அந்தச் சட்டையில்தான் பதிந்திருக்கின்றன. சட்டை கிழிந்தால் சாவி போச்சு. உள்ளே மரபுப்பொருள் மிச்சம் இருந்தாலும் அது யாரையும் தொற்ற முடியாது.

சோப்பு என்பதே கொழுப்பு அமிலத்தின் உப்புதான். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு. ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், இன்னொரு முனை கொழுப்போடு ஒட்டும். அதனால்தான் அது வைரஸின் உறைக்குள் புகுந்து கலைத்துப்போடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. நாய் கடித்த பையனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே செய்ய வேண்டிய முதல் வேலை, காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவுவது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான். ராபீஸ் வைரஸுக்கும் கொழுப்புச் சட்டை உண்டு என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போக வேண்டும்.

சரி, அப்போ பிளாஸ்மா தொட்டியிலும் சோப்பைக் கரைத்துவிடலாமா? கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள். 1980களின் நடுவில் நியூயார்க் ரத்த மையத்தில் உருவான முறையில் ஒரு கரைப்பானும் ஒரு சலவைப் பொருளும் சேர்ந்து வைரஸின் உறையைக் கலைத்தன. ஃபேக்டர் 8 மருந்துகளைப் பாதுகாப்பாக மாற்றியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு சிக்கல், வேலை முடிந்ததும் அந்தச் செயற்கை ரசாயனங்களை மருந்திலிருந்து முழுக்க நீக்க வேண்டும். அப்போது சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள். உடம்புக்கு ஏற்கெனவே பழக்கமான இயற்கைக் கொழுப்பு அமிலத்தையே பயன்படுத்தினால் என்ன?

எட்டு கார்பன் ரகசியம்

அந்த அமிலத்தின் பெயர் கேப்ரிலிக் அமிலம். ஆக்டனாயிக் அமிலம் என்றும் சொல்வார்கள். ‘கேப்ரா’ என்றால் லத்தீனில் ஆடு. ஆட்டுப்பாலில் வரும் அந்த வாடைக்கு இந்தக் குடும்பத்து அமிலங்கள்தான் காரணம். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இதுவே. கீட்டோ டயட் நண்பர்கள் காபியில் ஊற்றிக் குடிக்கும் எம்சிடி எண்ணெயிலும் முக்கியச் சரக்கு இதுதான்.

எத்தனையோ கொழுப்பு அமிலங்கள் இருக்க, இதை மட்டும் ஏன் பிடித்தார்கள்? திண்டிவனத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் அது. டிஎம்வி என்று தொடங்கும் கடலை, எள் ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனம்தான். கடலை எண்ணெயில் அதிகம் இருப்பது ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும். இரண்டும் 18 கார்பன் நீளச் சங்கிலிகள். ஒலியிக் அமிலமும் ஆய்வகத்தில் வைரஸின் உறையைக் கலைக்கக்கூடியதுதான். ஆனால் இவ்வளவு நீளமான சங்கிலி தண்ணீரில் சரியாகக் கரையாது. புரதங்களோடு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்து எடுப்பது தலைவலி. மறுபக்கம் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு இரண்டே கார்பன். தண்ணீரில் ஜோராகக் கரையும், கொழுப்புக்குள் நுழைய ஆர்வமே காட்டாது.

கேப்ரிலிக் அமிலத்துக்கு எட்டு கார்பன். தண்ணீரில் ஓரளவு கரையும் அளவுக்குக் குட்டை, கொழுப்புக்குள் புகும் அளவுக்கு நீளம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த அமிலம் கரைசலில் இரண்டு வேடத்தில் இருக்கும். மின்னூட்டம் உள்ள வேடம் தண்ணீரை விரும்பும். மின்னூட்டம் இல்லாத வேடம் கொழுப்பை விரும்பும், வைரஸின் உறைக்குள் புகுவது அதுதான். எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது கரைசலின் அமிலத்தன்மை. நம் ரத்தத்தின் பிஹெச் 7.4. அந்த அளவில் கிட்டத்தட்ட முழுவதும் மின்னூட்டம் உள்ள வேடத்தில் இருக்கும், அதாவது சும்மா இருக்கும். பிஹெச்சை 5 பக்கமாக இறக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு விரும்பியாக மாறிவிடும். ஆலையில் செய்வது இதைத்தான். கரைசலை லேசாகப் புளிக்க வைத்து, அமிலத்தைச் சேர்த்து, அறை வெப்பநிலையில் வைக்கிறார்கள். இம்யூனோகுளோபுலின் அந்தப் புளிப்பைத் தாங்கும், எச்ஐவியின் உறை தாங்காது. பின்னர் வடிகட்டியும் சுத்திகரித்தும் அமிலத்தை எடுத்துவிடுகிறார்கள்.

கேப்ரிலேட் கொண்டு கொழுப்பு உறை வைரஸ்களை முடக்குவது பற்றி லண்ட்பிளாட், செங் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-ல் ‘வாக்ஸ் சாங்குவினிஸ்’ ஆய்விதழில் எழுதினார்கள். இந்த முறையில் தயாரான ஓர் இம்யூனோகுளோபுலின் மருந்துக்கு 2003-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இடைவெளி 12 வருஷம். மருந்து உலகில் இது சாதாரணம்.

‘முடக்கியது’ என்று சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தெரிந்த அளவு வைரஸை வேண்டுமென்றே கலந்து, கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். 10,000 வைரஸுக்கு ஒன்றுதான் தப்பியது என்றால் அது 4 லாக். ஒரு கட்டம் குறைந்தது அந்த அளவுக்காவது குறைத்தால்தான் நம்பகமானது என்பது பொதுவான அளவுகோல். அதுவும் ஒரு கட்டம் போதாது, வேறு வேறு விதத்தில் வேலை செய்யும் இரண்டு கட்டங்களாவது வேண்டும்.

பாம்புக்கடி பாட்டிலில் என்ன நடக்கிறது?

நம்முடைய முதல் ஆளுக்கு வருவோம். பாம்புக்கடி மருந்தின் கதை நமக்கு ரொம்பப் பக்கத்தில் தொடங்குகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் பாம்புக்கடி மருந்து ஆலைகளுக்கு விஷம் கொடுக்கும் முக்கிய இடம். திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரத்திலும் இருளர் குடியிருப்புகள் ஏராளம். இந்தச் சமூகத்தின் அறிவுக்கு நாடு தந்த மரியாதைகளில் ஒன்று, 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் கிடைத்த பத்மஸ்ரீ.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுகக் கூட்டிச் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கும். அதன் ரத்தத்தை எடுத்து, அணுக்களைத் திரும்ப அதற்கே ஏற்றிவிட்டு, பிளாஸ்மாவை வைத்துக்கொள்வார்கள். அந்தப் பிளாஸ்மாவிலிருந்து ஆன்டிபாடியை மட்டும் பிரிக்க வேண்டும்.

கோஸ்டாரிகா நாட்டின் கிளோடோமிரோ பிக்காடோ நிறுவன ஆய்வாளர்கள் 1994-ல் இதற்குச் சுருக்கமான ஒரு வழியை வெளியிட்டார்கள். குதிரைப் பிளாஸ்மாவில் கேப்ரிலிக் அமிலத்தை ஊற்றிக் கலக்கினால், வேண்டாத புரதங்கள் தயிர் திரிவது போலத் திரிந்து அடியில் தங்கிவிடும். ஆன்டிபாடி மேலே தெளிவாக நிற்கும். வடிகட்டினால் முடிந்தது வேலை. பழைய முறைகளைவிட எளிது, செலவும் குறைவு. கூடவே போனஸாகக் கொழுப்பு உறை வைரஸ்களும் முடங்கும். குதிரைக்கு எச்ஐவி வராது என்றாலும் குதிரைக்கே உரிய வைரஸ்கள் உண்டு, அவற்றையும் கவனிக்கத்தான் வேண்டும். பாம்புக்கடி மருந்துத் தயாரிப்புக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களில் இந்த முறைக்கு இடம் உண்டு.

ஆல்புமின் பாட்டிலில் இதே அமிலத்துக்கு வேறு வேலை. ஆல்புமினை 60 டிகிரி செல்சியஸில் 10 மணி நேரம் சூடாக்கி வைரஸைக் கொல்கிறார்கள். அந்தச் சூட்டில் புரதம் வெந்துபோகாமல் காப்பதற்காகச் சேர்ப்பது சோடியம் கேப்ரிலேட். இது 1940களிலிருந்தே நடக்கிறது. ஒரு பாட்டிலில் அடியாள், இன்னொன்றில் காவல்காரன். அடுத்த முறை ஆல்புமின் பாட்டிலின் லேபிளைப் பார்க்க நேர்ந்தால் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

சட்டை போடாத வைரஸ்கள்

ஹெபடைட்டிஸ் ஏ, பார்வோ பி19 போன்றவற்றுக்குக் கொழுப்பு உறையே கிடையாது. வெறும் புரதக் கூடு. சட்டையே போடாதவனிடம் சட்டையைக் கிழிக்க என்ன இருக்கிறது? இந்த இடத்தில் கேப்ரிலிக் அமிலத்தை நம்ப முடியாது. இதற்குத்தான் நானோ வடிகட்டி. எச்ஐவி சுமார் 100 நானோமீட்டர் குண்டு. பார்வோ 20 முதல் 25 நானோமீட்டர்தான். 20 நானோமீட்டர் துளை உள்ள வடிகட்டியில் ஆன்டிபாடி நழுவிப் போய்விடும், வைரஸ் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

இந்த இடத்தில் வாட்ஸ்அப் வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெயையோ எம்சிடி எண்ணெயையோ குடித்தால் ரத்தத்தில் உள்ள வைரஸ் சாகாது. குடித்த கேப்ரிலிக் அமிலத்தைக் கல்லீரல் நேரடியாக வாங்கி எரிபொருளாகச் செலவழித்துவிடும். மிச்சம் ரத்தத்துக்கு வந்தாலும் அங்கே பிஹெச் 7.4. மேலே சொன்னதுபோல அங்கே அது சும்மாதான் இருக்கும். சமையலுக்கு ஊற்றுங்கள், தலைக்குத் தேயுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

நான்காவது ஆளின் ரத்தப் பை

விபத்தில் வந்தவருக்கு ஏறும் சிவப்பணுப் பையில் இந்த அமிலத்தை ஏன் ஊற்ற முடியாது?

வைரஸ் அந்தச் சட்டையை நம் செல்லின் சவ்விலிருந்துதானே கிழித்துக்கொண்டு போனது. சிவப்பணுவைச் சுற்றி இருப்பதும் அதே மாதிரியான கொழுப்புச் சவ்வு. எது வைரஸின் உறையைக் கலைக்குமோ அது சிவப்பணுவையும் உடைத்துவிடும். பையில் கிடைப்பது ஏற்றவே முடியாத சிவப்புத் தண்ணீராகத்தான் இருக்கும். பிளாஸ்மாவில் செல் இல்லை, அதனால் அங்கே துணிந்து செய்ய முடிகிறது. தட்டணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் ஒரு மருந்தைக் கலந்து புற ஊதா ஒளி பாய்ச்சி வைரஸின் மரபுப்பொருளையே குலைக்கும் முறைகள் வெளிநாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. சிவப்பணுப் பைக்குப் பரவலான பயன்பாட்டுக்கு வந்த முறை எதுவும் இன்னும் இல்லை.

ஆக, நான்காவது ஆளுக்கு இருக்கும் பாதுகாப்பு இரண்டே இரண்டு. ஒன்று, சரியான சோதனை. இன்னொன்று, ரத்தம் கொடுத்தவர் உண்மை சொல்வது.

தமிழ்நாட்டுக்கு இதன் விலை தெரியும். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986-ல் சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதன்பின் ரத்தத்துக்கு எச்ஐவி சோதனை கட்டாயமானது. காசுக்கு ரத்தம் விற்பதை நிறுத்தச் சொல்லி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று ஒவ்வொரு பைக்கும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகள்.

அப்படியும் 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தத்தைக் கொடுத்த இளைஞருக்குத் தனக்குத் தொற்று இருப்பதே அப்போது தெரியாது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தெரிந்ததும், தானாகவே ஓடிவந்து ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ஏற்றி முடிந்திருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அவரும் உயிரோடு இல்லை. 2016-லேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும், அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை என்பது பிறகு வெளிவந்தது.

அந்த ஒரு போன் கால் போயிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கொடுக்கப் போகிறவர்களுக்கு

சோதனைக்கும் ஒரு குருட்டுப் பகுதி இருக்கிறது. தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களில் வைரஸ் ரத்தத்தில் இருக்கும், சோதனையில் தெரியாது. எலைசா சோதனையில் இந்த இடைவெளி பொதுவாகச் சில வாரங்கள். வைரஸின் மரபுப்பொருளையே தேடும் நாட் சோதனையில் இது 10 நாள் அளவுக்குச் சுருங்கும், பூஜ்ஜியம் ஆகாது. இந்தியாவில் எல்லா ரத்த மையங்களுக்கும் நாட் சோதனை கட்டாயமும் இல்லை.

‘எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று ஓசியில் தெரிந்துகொள்ளலாமே’ என்று ரத்த முகாமுக்குப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். சோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும். போன் செய்து விவரம் கேட்க 1097.

சந்தேகம் எதுவும் இல்லாதவர்கள் தாராளமாகக் கொடுங்கள். 18 வயது முடிந்து எடை 45 கிலோவுக்கு மேல் இருந்தால் போதும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். சிவப்பணுப் பையை அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்க முடியும் என்பதால் விழுப்புரமோ திண்டிவனமோ சென்னையோ, எந்த ஊர் ரத்த மையத்துக்கும் மாதாமாதம் புது ஆட்கள் தேவை.

படிவத்தில் அண்மையில் பச்சை குத்தினீர்களா, மஞ்சள் காமாலை வந்ததா, யாருடன் உறவு என்றெல்லாம் கேட்பார்கள். அலுவலக நண்பர்கள் பக்கத்தில் நிற்கிறார்களே என்று கூச்சப்பட்டு எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடாதீர்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம், ஒன்றும் சொல்லாமல் கிளம்பியும் வரலாம். சோதனையில் ஏதாவது தெரிந்தால் உங்களுக்குச் சொல்லலாமா என்றும் ஒரு கேள்வி இருக்கும். அதற்கு ‘ஆம்’ என்று டிக் செய்து, இப்போது கையில் இருக்கும் போன் நம்பரைத் தெளிவாக எழுதுங்கள். நம்பர் மாறினால் ரத்த மையத்திலும் மாற்றிவிடுங்கள்.